எல்சியின் நினைவு மடலில் சில திருத்தங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் எனக்குத்தான் அவமானம். இது கற்பனையில் உதித்ததில்லை. ஒரு புகாரில் உதித்தது.

1972 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து வந்து, பனியனோடு உட்கார்ந்து, வடகறியில் இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், பதினோரு மாதத்துக்கு முன் இறந்துபோன பக்கத்து வீட்டு எல்சி. அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்கு நான் போயிருக்கிறேன். பூசை முடிந்து கொடுத்த பன்னையும் டீயையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவள் கையில் கறுப்புக் கரை போட்ட மடல் ஒன்று இருந்தது.

"இத்த எழுதனது நீதானே அண்ணாத்தே?"

தொண்டையில் இட்லி. தலையை மட்டும் ஆட்டினேன்.

"இன்னா இத்தினி தப்பு கீது?" என்றாள். "பென்சில் இருந்தா குடு."

2

நான் தேவப்பிரியம். ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருப்பவன், துறைமுகத்தில் குமாஸ்தா, பிரம்மச்சாரி. சந்தின் எழுத்து வேலை முழுக்க என் தலையில்தான். ரேஷன் கார்டு மனு, ஞானஸ்நானப் பத்திரிகை, கல்யாண வாழ்த்து, சாவு மடல் எல்லாம் நான்தான். பத்திரிகைகளுக்கு அனுப்பிய சிறுகதைகளோ, நானே தபால் தலை ஒட்டிக் கொடுத்த உறையில் ஒழுங்காக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. ஆக, என் எழுத்து முதன்முதலில் அச்சேறியது எல்சியின் நினைவு மடலில்தான். இருநூறு பிரதி. அச்சு மை வாசனையோடு அதை வாங்கிப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது.

வாசகம் இது: 'கணவர் வால்டரின் அன்பில் திளைத்து, இல்லறத்தை நல்லறமாக்கி, 21.9.71 அன்று கடலன்னையின் மடியில் துயில்கொண்ட எல்சி அம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக...'

கடலன்னையின் மடி, துயில், நல்லறம் மூன்றையும் எல்சி மடமடவென்று அடித்துவிட்டாள். 'அன்பில் திளைத்து' வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. எல்லா மடல்லயும் போடறதுதான்."

"பக்கத்து வூட்ல இருந்துகினே போட்டியே," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள்போலச் சொன்னாள். பிறகு எழுந்து, மடலை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீதானே சாவடிச்சே. நீயே உசுரோட எழுது."

வந்து சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கிளம்பிவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

3

இது 1978. ஆறு வருடமாக எழுதுகிறேன். தொடக்கங்கள் மட்டுமே ஒரு கோணிப்பை தேறும். மாதிரிக்கு மூன்று:

அ) வங்கக் கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது, ஒரு பெண்ணின் உள்ளமும் அதைப் போலவே— (விட்டாச்சு. அன்று அலையே இல்லையாம்.)

ஆ) பெண் என்பவள் பொறுமையின்— (எல்சி இதைப் படித்துவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதிக்கொண்டாள்.)

இ) எங்கள் சந்தில் எல்லோரும் நல்லவர்கள்.

மூன்றாவதை அவள் அடிக்கவில்லை. "இத்துலேர்ந்து ஆரம்பி," என்றாள். "பேஜாரே அதானே."

4

எங்கள் சந்தில் எல்லோரும் நல்லவர்கள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குக்கே தெரியும். யாருக்காவது காய்ச்சல் என்றால் நாலு வீட்டிலிருந்து கஞ்சி போகும். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாயங்காலம் ஆறு மணிவாக்கில், வால்டர் வேலை விட்டு வந்ததும் அந்த வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அப்புறம் மற்ற சத்தங்கள். அப்போது நல்லவர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்?

எதிர் வீட்டுச் சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். அவள் குரல் கொடுத்தால் கரைக்கு வரும் படகே கொஞ்சம் தயங்கும். அப்பேர்ப்பட்டவள் அந்த நேரத்தில் குரலைத் தாழ்த்தி ஜெபமாலை தொடங்குவாள். நான் சிலோன் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இடம் இங்கேயே இருப்பதால்: ஒரே ஒரு நாள் அவர்கள் வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். முதல் ஐந்து பிரதிகளில் இதை எழுதவில்லை.)

ரேடியோ விஷயத்தையும் எழுதாமல்தான் இருந்தேன். எல்சிதான் ஞாபகப்படுத்தினாள்.

"நீ ரேடியோவ சத்தமா வெச்சியானா எனக்கு ஒண்ணு தெரிஞ்சிடும், அண்ணாத்தே. உனக்குக் கேக்குதுன்னு."

பேனாவை எடுத்து, ரேடியோவைச் சேர்த்தேன்.

5

வால்டர் என்ற பாத்திரத்தோடு எனக்கு ஏகப்பட்ட தகராறு.

கதையில் வரும் கெட்டவனுக்குக் கண் சிவந்திருக்க வேண்டும், மீசை முறுக்கியிருக்க வேண்டும். வால்டர் ஒல்லி. தலையைப் படிய வாரியிருப்பான். கோயில் பாட்டுக் குழுவில் பாடுவான். துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து கண்ணாடிப் பெட்டியைக்கூடக் கீறல் விழாமல் இறக்குவான் என்று பேர். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? குடியைச் சேர்த்தேன். 71ல்தான் சாராயக் கடைகளைத் திறந்தார்கள், பழி போட வசதியான வருடம்.

"குட்ச்சிட்டுத்தான் அட்ச்சான்னு எழுதாத," என்றாள் எல்சி. "டீ குட்ச்சிட்டும் அடிப்பான்."

சரி என்று அடித்துவிட்டு, அவனுடைய தகப்பன் அவனைச் சின்ன வயதில் அடித்து வளர்த்தான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். உருக்கமாக வந்திருந்தது.

"இருக்கும். அத்தொட்டு நான் இன்னா பண்ணட்டும்?"

கடைசியாக, வின்ச் பிடிக்கும் அந்தக் கையைப் பற்றி எழுதினேன். எவ்வளவு பதமான கை, வீட்டுக்கு வந்தால் மட்டும் எப்படி மாறிப்போகிறது, மனித மனத்தின் புரியாத புதிர், இத்யாதி. அவள் இரண்டு தடவை படித்தாள்.

"புதிர்லாம் இல்ல. கைக்கு மெதுவா வெக்கத் தெரிஞ்சிகீது. வூட்ல வெக்கல. அவ்ளோதான்."

இந்தக் கதையிலேயே நல்ல வரி இதுதான். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது.

6

இந்தப் பகுதியில் மட்டும் நான் விளையாடப் போவதில்லை.

21 செப்டம்பர் காலை எல்சி கடலோரத்துக் கருங்கற்களுக்குப் போனாள். திரும்பி வருவதற்காகப் போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கல்மேல் ஜோடியாக வைத்தாள். வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வழியாக ஜன்னத் வந்தாள். வண்ணாரப்பேட்டைக்காரி, கூடையில் கண்ணாடி வளையல் சுமந்து வீடு வீடாக விற்பவள். எங்கள் சந்துக்கும் மாதம் ஒரு முறை வருவாள். செருப்பைப் பார்த்தாள், எல்சியைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்துக் கல்லில் குந்தினாள். என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"கையக் குடு கண்ணு. அளவு பாக்கறேன்."

எல்சி கையைக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வளையல்காரி கேட்டால் கை தானாக நீளும், அவ்வளவுதான். மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. ஜன்னத் பச்சை வளையல் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். வீக்கத்தைத் தாண்டி அது ஏறவில்லை.

"வீக்கம் எறங்கட்டும். அப்பால போட்லாம்."

"எறங்கற வரைக்கும் நான் இருக்கணுமே."

"ஆமா. அத்தத்தான் நானும் சொல்றேன்," என்றாள் ஜன்னத்.

பிறகு தன் புர்காவைக் கழற்றி எல்சிக்கு மாட்டிவிட்டு, தான் முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, சைக்கிள் ரிக்ஷா ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் திருவொற்றியூர் போய்விட்டார்கள். செருப்பு கல்மேலேயே இருந்தது.

மத்தியானம் சிலுவையம்மாள் அந்தச் செருப்பை அடையாளம் கண்டாள். வேறு ஊராக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன், அம்மா வீடு, ரயிலடி என்று தேடியிருப்பார்கள். எங்களுக்கோ கடல் கொண்டுபோன ஆள் புதிதில்லை, உடம்பு கிடைக்காத பூசையும் புதிதில்லை. செருப்பு இருக்கிறது, ஆள் இல்லை, எதிரே கடல் இருக்கிறது. மூன்று நாள் கட்டுமரம் விட்டுத் தேடினோம். நாலாம் நாள் பூசைக்குப் பேர் கொடுத்தோம்; கோயில் ஏட்டில் கையெழுத்துப் போட்டது வால்டர். வால்டர் "கால் வழுக்கிருக்கும்" என்று சொல்லி அழுதான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை; அவரவர் முகத்தை மறைக்கவே நேரம் சரியாக இருந்தது. உயிரோடு இருந்தவள் வீட்டுக் கதவை ஒரு தடவை தட்டாத சந்து, செத்தவளுக்கு இருநூறு மடல் அடித்தது. அப்படி ஒரு தடபுடலான முப்பதாம் நாளை ராயபுரம் பார்த்ததில்லை.

7

மடலை அச்சடித்தது ஜன்னத்தின் கணவர் ஷாகுல் ஹமீது. வண்ணாரப்பேட்டையில் அவருக்கு ஒரு சின்ன அச்சுக்கூடம். மை காய்வதற்காக வீட்டுக் கூடத்தில் மடல்களைப் பரப்பி வைத்திருந்தார். ஜன்னத் சோறு போட வந்தவள், தான் ரிக்ஷாவில் ஏற்றிப்போன பெண் இருநூறு தடவை செத்துக் கிடப்பதைப் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

"அவர்கிட்டகூடச் சொல்லலியா?" என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன்.

"அவரு நல்ல மனுசன். நல்ல மனுசங்க வாய்லதான் சேதி தங்காது," என்றாள். "வால்டருக்குத் தெரிஞ்சிருந்தா தேடிகினு வந்துருப்பானே."

ஒரு மடலை மட்டும் எடுத்து வளையல் கூடைக்குள் வைத்துத் திருவொற்றியூருக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்தது கெங்கம்மாவின் வீடு. கெங்கம்மா மில் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓட்டு வீடு, நாலு அறை, வெளியே பலகை கிடையாது. போக இடமில்லாத பெண்கள் வருவார்கள், கொஞ்ச காலம் இருப்பார்கள், போவார்கள். கெங்கம்மா யாரையும் எதுவும் விசாரிக்க மாட்டாள். வந்த அன்றைக்குச் சோறு போடுவாள். மறுநாள் ஒரு புதுத் தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் ஒரு திருப்புளியும் கையில் கொடுப்பாள்.

"உன் ரூமுக்கு நீயே மாட்டிக்க. உள்பக்கமா."

வால்டர் வேலைக்குப் போகும்போது எல்சியை வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவதுண்டு. அவன் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது, கழற்றிவிட்டிருந்தான். எல்சிக்குத் திருப்புளி பிடிக்கப் பத்து நாள் ஆனது. எடுப்பாள், கீழே போடுவாள், போய்ப் படுத்துக்கொள்வாள். கெங்கம்மா "நான் மாட்டித் தரட்டா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பதினோராம் நாள் நாலாவது திருகாணி ஏறியது. தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், போட்டாள், திறந்தாள். அடுத்த அறைக்காரி சத்தம் தாங்காமல் சுவரில் தட்டினாளாம். அன்றைக்கு எல்சி மத்தியானம் படுத்து, மறுநாள் காலைதான் எழுந்தாள்.

வீட்டை விட்டுப் போகிறவள் தன் தாழ்ப்பாளைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய்விட வேண்டும். அதுவும் அந்த வீட்டு வழக்கம். நான் அந்தக் கதவுகளைப் பார்த்திருக்கிறேன். நாலு நாலாக ஓட்டைகள், மேலிருந்து கீழ் வரை. கரையான் அரித்த கதவு என்றுதான் முதலில் நினைத்தேன்.

தூக்கம் வந்ததே ஒழிய, எல்சிக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மாதம் ஆம், இல்லை என்பதற்குமேல் பேசவில்லை. அப்போதுதான் ஜன்னத் மடலோடு வந்தாள். எல்சி வாசித்தாள். 'கணவர் வால்டரின் அன்பில் திளைத்து' என்று சத்தமாக ஒரு தடவை வாசித்தாள். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். கெங்கம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாக மாறி, அப்புறம் மறுபடியும் சிரிப்பாக மாறியது.

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அதைவிடச் சரியான விமர்சனம் இன்னும் வரவில்லை.

8

பத்து மாதம் போனது. தையல் கற்றுக்கொண்டாள், சமையலறையைப் பார்த்துக்கொண்டாள், புதிதாக வந்தவர்களுக்குத் திருகாணி எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாள், "எங்க சந்துக்குப் போவணும்," என்றாள்.

"அவன் கீற சந்துக்கா?" என்றாள் கெங்கம்மா.

"அது என் சந்தும்தானே. அப்பன் ஆத்தா போயிட்டாலும் நான் பொறந்தது அங்க. நான் இன்னா திருடிட்டா ஓடி வந்தேன்?"

கெங்கம்மா தடுக்கவில்லை. ஒரு விதி மட்டும் போட்டாள். "மொத தபா ஒரு மணி நேரம். அவங்க அழுவ ஆரம்பிக்கறதுக்குள்ள எந்திரிச்சி வந்துடு. அழுவறவங்களத் தேத்தறதுக்கா நீ போறே?"

அந்த ஒரு மணி நேரம்தான் என் இட்லி ஞாயிறு. சந்து முனையில் ஜன்னத் வளையல் கூடையோடு காத்திருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு அரை நாள், சிலுவையம்மாள் வீட்டில். காலில் விழப் போனாள் சிலுவையம்மாள். "பாவி நான், ஜெபமாலைய உருட்டிகினு குந்தினு இருந்தேனே..."

"யக்கா, அழுவாத. கொழம்பு ஊத்து," என்றாள் எல்சி.

மூன்றாம் ஞாயிறு முழு நாள். எல்சி வெற்றிகரமாக— (இந்த வாக்கியத்தை அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "மெய்யாலும் நடந்தத எழுது.") நடந்தது இது. குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்றவள், வால்டர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாள். அவன் ஒன்றும் செய்யவில்லை. நின்று பார்த்தான், அவ்வளவுதான். எல்சியின் கால் நகரவில்லை. குடம் நிரம்பி வழிந்து அவள் புடவை நனைந்து, சிலுவையம்மாள் வந்து குழாயை மூடி, கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை அப்படியே நின்றாள். பிறகு இரண்டு ஞாயிறு அவள் வரவில்லை.

"அந்த வராத ரெண்டு வாரத்தயும் எழுது," என்றாள். எழுதிவிட்டேன்.

மூன்றாம் வாரம் வந்தாள். வந்ததும் நேரே, கோயில் ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரிநாதனைப் பார்க்கப் போனாள். காரணம் இருந்தது. எங்கள் கோயில் பங்கில் ஒருவர் பெயர் இறந்தோர் ஏட்டில் ஏறினால், மூன்று வருடம் கல்லறைத் திருநாளன்று அதை வாசித்து ஜெபிப்பது வழக்கம். எல்சியின் பெயர் ஒரு தடவை வாசித்தாகிவிட்டது. நவம்பர் இரண்டாம் தேதி மறுபடியும் வரப்போகிறது.

"உபதேசியாரே, என் பேர எடுத்துடுங்க."

சவரிநாதன் முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தவர். ஏட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். "ஏட்டுல ஏத்தினவங்கதாம்மா எறக்கணும். வால்டர்தான் ஏத்துனாரு."

"நான் இங்க நின்னுகினு கீறேன்."

"அது எனக்குத் தெரியுது. ஏட்டுக்குத் தெரியணுமே."

வால்டரைக் கேட்டதற்கு, "எனக்கு அவ செத்துட்டா. பேரு அங்கயே கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டான். அதுதான் எல்சியை உறுத்தியது. சந்தில் பாதிப் பேர் ஏற்கெனவே அவளைக் கண்டால் ஆவியைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப்போனார்கள். கல்லறையில் இன்னொரு தடவை அந்தப் பேர் வாசிக்கப்பட்டு, எல்லோரும் 'இளைப்பாற்றி தாரும்' என்று சொல்லிவிட்டால், அவன் சொன்னதுதான் நின்றுவிடும். அப்புறம் அந்தச் சந்தில் அவளுக்கு இடமில்லை.

9

1972 கல்லறைத் திருநாள், சாயங்காலம். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி, சாமந்தி, ஊதுவத்திப் புகை. வால்டர் முன்வரிசையில், தலையைப் படிய வாரி, பெரிய மெழுகுவத்தியோடு நின்றான். எல்சி பின்னால், சிலுவையம்மாளுக்குப் பக்கத்தில். நான் ஓரமாக, வழக்கம்போல்.

சவரிநாதன் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டம் பதில் சொன்னது: "இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே." அந்தோணி முத்து. இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே. மரியநாயகம். இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே.

"எல்சி வால்டர்."

"கீறேன்!"

நடு வகுப்பில் பிள்ளை எழுந்து ஆஜர் சொன்ன மாதிரி, கணீரென்று. சவரிநாதன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், முப்பது வருடப் பழக்க தோஷத்தில், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தப் பேருக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டார்.

முதலில் சிரித்தது சிலுவையம்மாள். அவள் சிரித்தால் தெரியுமே, ஏலக் கடைச் சிரிப்பு. அது பக்கத்தில் தொற்றி, வரிசை வரிசையாகப் பரவியது. கல்லறைத் தோட்டத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பூசை வைத்த சாமியார் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

வால்டர் சிரிக்கவில்லை. மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டு எல்சியிடம் நடந்து வந்தான். "இன்னா எல்சி, நாலு பேர் முன்னாடி? வூட்டுக்கு வா, பேசிக்கலாம்," என்றான். மெதுவாக. கண்ணாடிப் பெட்டி இறக்குகிற பதத்தில். கையை நீட்டினான்.

எல்சியின் மெழுகுவத்தி சாய்ந்ததை நான் பார்த்தேன். மெழுகு அவள் விரலில் சொட்டியது. ஆனால் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தத் தடவை பயத்தில் உறைந்து அல்ல.

"வர மாட்டேன்," என்றாள்.

அவன் இன்னும் ஒரு அடி வைத்தான். சிலுவையம்மாள் நடுவில் வந்து நின்றாள். "எந்த வூட்டுக்கு நைனா கூப்புடறே? செத்தவளுக்கு ஏது வூடு?" அவளுக்குப் பக்கத்தில் சவரிநாதன் போய் நின்றார், ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. அப்புறம் நான் போனேன்.

மூன்றாவதாகத்தான் போனேன். ஒரு பிரதியில் முதலாவதாகப் போனதாக எழுதிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. கிழித்துவிட்டேன். எனக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வால்டர் பார்த்தான். பார்த்துவிட்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

10

முடிவுக்கு வருவோம். என்னிடம் மூன்று இருந்தன.

அ) வால்டர் மனம் திருந்திக் கண்ணீர் மல்க— ("அடிச்சிடு.")

ஆ) எல்சி தையல் பள்ளி தொடங்கி, மாலை மரியாதையோடு பரிசு வாங்கி— ("நான் இன்னா சர்க்கார் போஸ்டரா?")

இ) நடந்தது. கல்லறைத் திருநாளுக்கு மறுநாளிலிருந்து, சிலுவையம்மாளும் நாலைந்து பெண்களும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வால்டரின் வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரிக்க ஆரம்பித்தார்கள். அவன் உள்ளே போக வேண்டுமென்றால் அவர்களைத் தாண்ட வேண்டும். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறால் தோலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பதினைந்து நாளில் அவன் எண்ணூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். இதை நான் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வாடையை ஒரு மாதம் நானும்தான் பொறுத்துக்கொண்டேன்.

எல்சி சிலுவையம்மாள் வீட்டின் பின்கட்டு அறைக்குக் குடி வந்தாள். திருவொற்றியூர்க் கதவிலிருந்து கழற்றிய தாழ்ப்பாளைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். கை நிறையப் பச்சை வளையல். கிளம்பும்போது ஜன்னத் போட்டுவிட்டது. "கதவ ஆடாம புடி அண்ணாத்தே," என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். நாலு திருகாணி. அவளே முடுக்கினாள்.

"இப்ப தள்ளிப் போ."

வெளியே வந்தேன். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் உள்ளே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. சிரித்தாளா, அழுதாளா, சும்மா உட்கார்ந்திருந்தாளா? எழுத்தாளன் என்றால் சுவரைத் தாண்டி உள்ளே போகலாம் என்பார்கள். நான் ஏற்கெனவே ஒரு தடவை அவளுடைய முடிவை எழுதியவன். இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை.

ஆறு வருடம் கழித்து இன்றைக்குத்தான் இந்தப் பிரதி முடிந்தது. அவள் பார்த்துத் திருத்தாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பேச்சு. தாள்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்திருக்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. தட்டக் கையைத் தூக்கினேன். ஒரு கணம், பழைய ஞாபகத்தில், அது தலைக்குத்தான் போகப் பார்த்தது.

தட்டிவிட்டேன்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லலாம். மடல் எழுதியவன், ரேடியோ வைத்தவன், மூன்றாவதாக வந்தவன் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னால் திறப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை, தாழ்ப்பாள் அவள் பக்கம் இருக்கிறது. வாசலில் இன்னும் ஒருவர் நிற்க இடம் உண்டு. நீங்களும் இப்படி வந்து நில்லுங்கள். அவள் கேட்டது உங்களையும்தான்.